முட்டுக்காட்டில் ஒதுங்கும் தண்ணீர்

சேலையூர் ஏரி நிரம்பிக் கலங்கலைத் தாண்டினால் தண்ணீர் எங்கே போகும் என்று கேம்ப் ரோட்டில் நின்று கேட்டால், "பள்ளிக்கரணைக்கு" என்று பட்டென்று பதில் வரும். அதற்கப்புறம்? அங்கே பேச்சு தடுமாறும். ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பில் பரவும் தண்ணீர், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே திரும்பி, முட்டுக்காட்டில்தான் கடலைப் பார்க்கிறது. கிழக்குத் தாம்பரத்துக் குடும்பம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கம், சோழிங்கநல்லூர், அக்கரை என்று காரை ஓட்டிக்கொண்டு போய், போட் ஹவுஸில் டிக்கெட் வாங்கி, மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு படகில் உட்காருகிறது. தெருவில் முழங்காலளவு நின்று அவர்கள் திட்டித் தீர்த்த மழையும் படகுக்கு அடியில் இருக்கிற தண்ணீரில் சேர்த்தி. நம் தண்ணீரின் மேலேயே காசு கொடுத்துச் சவாரி போகிறோம்.

சென்னைக்குத் தெற்கே, காற்றுக்கும் அலைக்கும் ஒதுங்கி ஒரு படகை நிறுத்தி வைக்கத் தோதான பெரிய நீர்ப்பரப்பு என்றால் கோவளம், முட்டுக்காடு கழிமுகம்தான். அடையாற்றின் வாயில் தொடங்கிக் கரை நேர்கோடாக ஓடுகிறது. ஒரு வளைவு கிடையாது, ஒரு தீவு கிடையாது. கோவளத்தில் மட்டும் பாறை கொஞ்சம் மூக்கை நீட்டுகிறது. அதற்கு வடக்கே மணல் திட்டுக்குப் பின்னால் உப்பங்கழி விரிந்து கிடக்கிறது.

அந்தக் காலத்துக் கப்பல்காரர்களுக்குச் சோழமண்டலக் கரை என்றாலே வயிற்றைக் கலக்கும். துறைமுகம் கிடையாது. கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போட்டுவிட்டு, ஆளையும் சரக்கையும் மசூலாப் படகில் இறக்க வேண்டும். ஆணியே அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை தூக்கி மணலில் அறைந்தால் நெளிந்து கொடுக்கும், உடையாது. வடகிழக்குப் பருவம் வந்துவிட்டால் கப்பல்கள் இங்கே நிற்பதே புத்திசாலித்தனம் இல்லை. 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, அடுத்த மாதமே இந்தப் பாடத்தைப் படித்தார். அக்டோபர் நடுவில் அடித்த ஒரே புயலில் அவருடைய கப்பல் வரிசை சின்னாபின்னமானது. கோட்டையைப் பிடித்தவருக்குக் கப்பலை ஒதுக்க இடம் இல்லை.

இப்படிப்பட்ட கரையில் கோவளம் மாதிரி ஓர் இடத்துக்கு மவுசு வந்ததில் வியப்பில்லை. இன்றைய பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் நகரத்து வணிகர்கள் 1722-இல் புனித ரோமப் பேரரசரின் பட்டயம் வாங்கித் தொடங்கிய கம்பெனி இந்தியாவில் வைத்திருந்த இரண்டு முக்கியமான இடங்களில் ஒன்று வங்காளத்து பாங்கிபஜார், மற்றொன்று நம் கோவளம். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் சேர்ந்து நெருக்கியதில் பத்து வருஷத்துக்குள் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. பிறகு ஆற்காட்டு நவாப் அன்வருதீன் இங்கே சாதத் பந்தர் என்று ஒரு கோட்டையைக் கட்டினார். பந்தர் என்றால் துறைமுகம், நவாபும் ஆசைப்பட்டிருக்கிறார். அதைப் பிரெஞ்சுக்காரர் தந்திரமாகக் கைப்பற்ற, 1752-இல் ராபர்ட் கிளைவ் வந்து முற்றுகையிட்டார்.

அந்த முற்றுகையில் எனக்குப் பிடித்த ஆள் கிளைவ் இல்லை. அவரோடு வந்த வெள்ளைக்காரப் பட்டாளம் லண்டனிலிருந்து புதிதாக இறக்கிய கத்துக்குட்டிகள். கோட்டையிலிருந்து வந்த ஒரு குண்டு ஒருவனைச் சாய்த்ததும் மற்றவர்கள் எல்லோரும் திரும்பி ஓடினார்களாம். இன்னொரு தடவை பீரங்கி வெடித்த சத்தத்தில் காவல் நின்றவர்கள் சிதறி ஓட, ஒருத்தனைச் சில மணி நேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியில் கண்டுபிடித்தார்கள் என்று வரலாற்றாசிரியர் மெக்காலே எழுதி வைத்திருக்கிறார். கோவளத்துக்கு வந்து பத்திரமாக ஒதுங்க இடம் தேடியவர்களின் பட்டியலில் அந்தப் பெயர் தெரியாத சிப்பாயையும் சேர்க்க வேண்டும். கோட்டையைப் பிடித்ததும் ஆங்கிலேயர் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். இடிபாட்டின் மேல்தான் 1974-இல் தாஜ் குழுமத்தின் ஃபிஷர்மேன்ஸ் கோவ் விடுதி வந்தது. அந்தக் கோட்டையை டச்சுக் கோட்டை என்று சொல்லும் வழக்கமும் இருக்கிறது. டச்சுக்காரர்கள் இருந்ததென்னவோ பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும்.

கடல் பக்கம் கதை இப்படி முடிய, உள்பக்கம் வேறொரு போக்குவரத்து தொடங்கியது. 1806-இல் சென்னைக்கு வடக்கே எண்ணூர் வரை பேசில் காக்ரேன் வெட்டிய வாய்க்கால் மெல்ல மெல்ல நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-இல், கஞ்சிக்கு வழியில்லாதவர்களைக் கூலிக்கு அமர்த்திக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகன் பெயர் கால்வாய்க்கு வந்தது. ஆந்திரத்துப் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர். கடலைத் தொடாமலே, கடலுக்குப் பக்கத்திலேயே, அலைக்குப் பயப்படாமல் போகலாம். உப்பு, விறகு, நெல், சுண்ணாம்புக் கிளிஞ்சல் என்று சரக்கு போனது. பாய் விரித்தார்கள், காற்று இல்லாத நேரம் கழி ஊன்றினார்கள், அல்லது கரையில் நடந்தபடி கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார்கள். முட்டுக்காட்டுக் கழி அந்த வழியில் படகுக்காரன் கொஞ்சம் அகலமாக மூச்சு விடும் இடம்.

ரயிலும் லாரியும் அந்தத் தொழிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றன. 1965, 66 புயல்களில் கரை உடைந்து தூர்ந்த பிறகு எடுத்துக் கட்ட யாருக்கும் மனசில்லை. நகருக்குள் கால்வாயின் மார்பிலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் இறங்கின. 2008-இல் இதைத் தேசிய நீர்வழி எண் 4-இன் ஒரு பகுதி என்று அறிவித்தபோது, மயிலாப்பூரில் அந்தத் தூண்களுக்கு அடியில் கறுப்பாகத் தேங்கி நின்ற தண்ணீரைப் பார்த்தவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். எந்தச் சரக்குப் படகு அந்தத் தூண்களுக்கு நடுவே நெளிந்து போகும்?

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் முட்டுக்காட்டில் படகுத்துறை தொடங்கியது 1984-இல். கிழக்குக் கடற்கரைச் சாலை இன்றைய அகலத்தில் இல்லாத காலம். தாம்பரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அது சுற்றுலா நாள்: புளியோதரைப் பொட்டலம், மாமல்லபுரம், வடநெம்மேலி முதலைப் பண்ணை, திரும்பும்போது நேரம் இருந்தால் முட்டுக்காடு. பெரும்பாலும் நேரம் இருக்காது. பஸ்ஸிலிருந்து பாலத்தின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்ததோடு சரி. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரித் தண்ணீர், மறுபக்கம் மணல் திட்டு, அதற்கப்பால் நுரை. படகில் உட்கார்ந்தவர்களுக்குக் காலால் மிதிக்கும் படகும் துடுப்புப் படகும் இருந்தன. சினிமாவில் காதலர்கள் தண்ணீரில் பாட்டுப் பாட வேண்டுமென்றால் கோடம்பாக்கம் இங்கே வந்தது.

2002-இல் கிழக்குக் கடற்கரைச் சாலை மேம்பட்டுச் சுங்கச்சாவடியோடு திறந்தது. எல்லாமே மாறியது அதற்குப் பிறகுதான். முட்டுக்காட்டில் 1996-லேயே வந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குக் கூட்டம் சேர்ந்தது. மனைகள் விற்றன, பண்ணை வீடுகள் எழுந்தன. வண்டலூரிலிருந்து கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் வழியாகக் கேளம்பாக்கம் வரும் சாலை, ஒரு காலத்தில் வயலுக்கும் ஏரிக்கும் நடுவே ஓடியது, இன்றைக்கு அடுக்குமாடிகளுக்கு நடுவே ஓடுகிறது. கேளம்பாக்கத்திலிருந்து கோவளத்துக்குத் திரும்பும் இடத்தில் உப்பளம் மட்டும் மிச்சம் இருக்கிறது. பருவத்தில் பூநாரை வந்து இறங்கினால் சாலையோரத்தில் கார்கள் ஒதுங்கி நிற்கும்.

இப்போது போட் ஹவுஸுக்கு ஞாயிறு மாலை நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள். துறையில் நிற்கும் தம்பி கையை நீட்டி, "அக்கா, நடுவுல உக்காருங்க. சார், நீங்க இந்தப் பக்கம் வாங்க, வெயிட்டு ஒரு பக்கமா போகுது" என்று ஆட்களை மாற்றி உட்கார வைப்பார். பாட்டி ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். மோட்டார் கிளம்பியதும் எல்லோரும் போனை எடுப்பார்கள். பெடல் படகுக்காரர்கள் கரையோரம் சுற்ற, நடுவே வேகப் படகு கீறிக்கொண்டு போகும். அதன் அலையில் பெடல் படகு ஆடும்போது குழந்தைகளின் கூச்சல். 2025-இல் இதோடு 125 அடி நீளமும் 25 அடி அகலமும் கொண்ட இரண்டடுக்கு மிதக்கும் உணவகம் சேர்ந்தது. கரையில் கலைஞர் பன்னாட்டு அரங்கத்துக்கும் இடம் ஒதுக்கியாயிற்று. உணவகத்தைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், பிரியாணிக்குத் தண்ணீர் ஆடினால் என்ன, ஆடாவிட்டால் என்ன? ஆனால் கல்யாண நாளுக்கு மேடவாக்கத்திலிருந்து வந்து மேல்தளத்தில் காற்று வாங்கும் தம்பதியிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கோவளம் பக்கம் கதை இன்னும் சுவாரசியம். 2012-இல் அந்த ஊர் மீனவர் மூர்த்தி மேகவன் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். மசூலாப் படகுகளைப் புரட்டிப் போட்ட அதே அலைக்கு இன்றைக்குக் கட்டணம் கட்டி, பலகையோடு காத்திருக்கிறார்கள். ஊர்ப் பையன்கள் ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். 2021-இல் கோவளம் கடற்கரைக்கு டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பின் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. தமிழ்நாட்டில் முதலில் வாங்கியது இதுதான். குளியலறை, கழிப்பறை, உயிர்காப்பாளர், தண்ணீர்ப் பரிசோதனை என்று எல்லாம் வந்தன.

இத்தனை படகு ஓடும் இடத்தில், கடலிலிருந்து ஒரு பாய்மரப் படகு வந்து இரவு ஒதுங்கிப் போக முடியுமா? முடியாது. அப்படி ஒதுங்க முடிகிற இடத்துக்கு உதாரணமாக, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சூசியா என்று ஒரு தீவு இருக்கிறது. யாரோ ஒரு தனியார் வாங்கி வளைத்துவிடக் கூடாதென்று 1960-இல் அங்கத்திய படகு மன்றத்துக்காரர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி அந்தத் தீவின் பெரும்பகுதியை வாங்கி, மாநில அரசிடம் கொடுத்தார்கள். இன்று அது கடற்பூங்கா. விரிகுடாவில் மிதவைகள் போட்டிருப்பார்கள். படகை அதில் கட்டிவிட்டு எவரும் இரவு தங்கலாம். நம் ஊரில் 1911-இல் துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆரம்பித்த ராயல் மெட்ராஸ் யாட் கிளப் நூறு வருஷத்துக்கு மேலாகியும் துறைமுகச் சுவருக்குள்ளேதான் இருக்கிறது. கரை அப்படி. முட்டுக்காடு உள்ளே எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அதன் வாசல் அடிக்கடி சாத்திக்கொள்கிறது.

இந்த வாசலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. வருஷத்தில் பெரும்பாலான மாதம் தெற்கிலிருந்து வரும் அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டே போகும். கழியிலிருந்து வெளியே பாயும் தண்ணீருக்கு வேகம் இருக்கும் வரை அந்த மணல் நிற்காது. கோடையில் வேகம் குறைந்ததும் முகத்துவாரத்தின் குறுக்கே திட்டு வளரும். சில சமயம் கரையோடு கரை சேர்ந்து, இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் நடந்தே போய்விடலாம். அப்போது கழி குளமாகிவிடும்: ஓதம் ஏறாது, வற்றாது, தண்ணீர் கனத்துப்போய் நாறும். மழைக்கு முன்பு பொக்லைன் வைத்து வெட்டி விடுவார்கள். வெட்டிய மறு நாளே கடல் பாதியை மூடிவிட்டுச் சிரிப்பதும் உண்டு.

வாசல் திறந்திருந்தால் கடல் மீன் உள்ளே வரும். மடவை, கொடுவா, கெளுத்தி, எறா, நண்டு எல்லாம் குஞ்சுப் பருவத்தில் இந்த உவர் நீருக்குள் புகுந்து, தின்று பெருத்து, மறுபடி கடலுக்குப் போகிறவை. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனை நிலையம் முட்டுக்காட்டில் இருக்கிறது. 1997-இல் கொடுவா மீனை முதன்முதலாக இந்தியாவில் வளர்ப்பு நிலையில் குஞ்சு பொரிக்கச் செய்தவர்கள் அவர்கள். அந்த ஆய்வகத்துக்கு வெளியே இருளர் பெண்கள் செய்யும் வேலையைப் படகுச் சவாரிக்காரர்கள் கவனிப்பதில்லை. கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்த மேனிக்கே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுகிறார்கள். வாயில் பனையோலைப் பறியைக் கவ்விக்கொண்டிருப்பார்கள். விரலில் எறா தட்டுப்பட்டால் எடுத்துப் பறியில் போட வேண்டியதுதான். வலை கிடையாது, படகு கிடையாது. தூரத்திலிருந்து பார்த்தால் தலை மட்டும் மிதப்பது போலிருக்கும். வேகப் படகு கிளப்பும் அலை அந்தத் தலைகளின் மேலேதான் போய் அடிக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுக முளைத்த கட்டடங்களின் கழிவு கால்வாய் வழியாக வந்து சேருவதும் அதே சேற்றில்தான்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது வடக்கே பல இடங்களில் பக்கிங்காம் கால்வாய் அலையை வாங்கிக்கொண்டதால் உயிர்கள் பிழைத்தன என்று பிறகு எழுதினார்கள். 2015-இல் ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த இருபத்துநாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். மேற்குத் தாம்பரத்துத் தண்ணீர் அடையாற்றில் போய் முடிச்சூரை மூழ்கடித்த கதை எல்லோருக்கும் தெரியும். கிழக்குப் பக்கத்துத் தண்ணீர் பள்ளிக்கரணைக்கு வந்தது. அங்கே சதுப்பு நிலம் குப்பைமேட்டுக்கும் கட்டடங்களுக்கும் போக மிச்சம். ஒக்கியம் மடுவு என்ற ஒற்றைத் தொண்டை. அதற்கப்பால் கால்வாய். கடைசியில் முட்டுக்காடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கடலே பொங்கி நின்றதால் முகத்துவாரம் தண்ணீரை வாங்க மறுத்தது. மழை விட்டும் வேளச்சேரி, பெரும்பாக்கத்தில் தண்ணீர் நாள்கணக்கில் வடியவில்லை. அந்த வாரம் செம்பாக்கத்தில் மாடியில் உட்கார்ந்திருந்த யாரும் முட்டுக்காட்டை நினைத்திருக்க மாட்டார்கள்.

பள்ளிக்கரணைக்கு 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் பட்டம் கிடைத்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கு 1986 முதல் தேசியப் பூங்கா என்ற காவல் இருக்கிறது. நடுவில் கிடக்கும் முட்டுக்காட்டுக்கு இந்த மாதிரிப் பட்டம் எதுவும் இல்லை; சுற்றுலாத் தலம் என்ற பெயர்தான். அதனால் அதைப் பற்றிய முடிவுகள் எல்லாம் கரையிலேயே நின்றுவிடுகின்றன: துறை எங்கே, கார் நிறுத்துமிடம் எவ்வளவு, உணவகம் எத்தனை அடுக்கு. வாசலில் சேரும் மணல் வேறு யாருடைய கோப்பிலோ இருக்கிறது.

இப்போது இன்னொரு பெரிய கோப்பும் வந்திருக்கிறது. தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் இடையே, திருப்போரூர் பக்கம், கோவளம் வடிநிலத்தில் 1.6 டி.எம்.சி. கொள்ளும் புதிய நீர்த்தேக்கம் அறிவிக்கப்பட்டது. மாமல்லன் நீர்த்தேக்கம் என்று பெயர். மழைநீர் கடலுக்குப் போய் வீணாகிறது என்பது அதன் வாதம். நெம்மேலியில் 2013 முதல் ஒரு நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கி, 2024-இல் இன்னும் பதினைந்து கோடி லிட்டருக்கு ஆலையும் திறந்த ஊரில் அந்த வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் கழியில் உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில்தான் எறா வளர்கிறது. கரை கட்டி உப்பை வெளியே நிறுத்தினால் அந்தப் பகுதிக்குள் எறா வராது என்று மீனவர்களும் இருளர்களும் சொல்வதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை, கைவிரல் அனுபவம். அணை கட்டுகிறவர்கள் கடலுக்குப் போகும் மழைநீரை வீண் என்று கணக்கெழுதும்போது, முகத்துவாரத்து மணலைத் தள்ளித் திறந்து வைப்பதும் அதே தண்ணீர்தான் என்பதை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

என்னைக் கேட்டால், போட் ஹவுஸில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பலகை வேண்டும். கட்டண விவரத்துக்கு எதிரே, சேலையூரிலிருந்து முட்டுக்காடு வரை தண்ணீர் வரும் வழி, ஏரி ஏரியாக. அதற்குக் கீழே, ரயில் நிலையத்தில் வண்டி நேரம் எழுதுவது போல், இன்றைக்கு முகத்துவாரம் எத்தனை அடி திறந்திருக்கிறது என்று தினமும் சாக்பீஸால் எழுத வேண்டும். வேகப் படகு இருளர் பெண்கள் இறங்கும் பக்கம் போகக் கூடாதென்று ஒரு மிதவைக் கோடும் போடலாம். அதற்கு நீலக்கொடி அளவுக்குச் செலவாகாது. பலகையின் செலவைத் தாம்பரம் மாநகராட்சி ஏற்றுக்கொள்ளலாம். படத்தில் முதல் மூன்று ஏரிகள் அவர்களுடைய எல்லைக்குள் இருப்பவை.